கழுதையின் கழுத்தில் மணி

குதிரை வரிசையில் கடைசியாகப் போகிறவனுக்குப் புழுதி கிடைக்கும். அதைவிட்டால் முன்னால் போகிற ஏழு குதிரைகளின் பின்புறம் கிடைக்கும். இருபத்திரண்டு வருடம் எல்லோருக்கும் முன்னால் போன அண்ணன்காரன், நாற்பத்தெட்டு வயதில் இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டு மலையேறினான். அவன் பின்னால் ஒரு கழுதை மட்டும் சட்டிபானைகளைச் சுமந்துகொண்டு வந்தது.

"அண்ணா, நீ கடைசியில வா" என்று சொன்னது வேறு யாருமல்ல, கூடப் பிறந்த தங்கை. ஏழு வருடத்துக்கு முன் புருஷனை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு வந்து வாசலில் நின்றவள். சேணம் எது, கடிவாளம் எது என்றுகூடத் தெரியாமல் இருந்தவளைக் குதிரை லாயத்துக்குக் கூட்டிப்போய் வேலையில் சேர்த்துவிட்டதே அவன்தான். இப்போது அவள் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, தலைமைக் குதிரையின் மேல் உட்கார்ந்து, வந்திருந்த ஆறு பேருக்கும் மலையைக் காட்டிக்கொண்டு போனாள். துப்பாக்கி, கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவரிடம்தான் இருக்கும். அதுவும் அவன் சொல்லிக் கொடுத்ததுதான்.

லாயத்து முதலாளியம்மா போன வாரம் இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டுப் பேசினாள். சுற்றி வளைக்கவில்லை. "வர்றவங்ககிட்ட நீ எரிஞ்சு விழறேன்னு மூணு பேர் எழுதியிருக்காங்க. இந்தத் தடவை உன் தங்கச்சி கூட்டிட்டுப் போகட்டும். குதிரைங்க எல்லாம் நல்லபடியா திரும்பி வந்தா, அடுத்த வருஷத்துல இருந்து அவதான் தலைமை. நீ கூடமாட இரு." அண்ணன்காரன் தலையை ஆட்டினான். தங்கை அவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். வெளியே வந்ததும், "உனக்குக் கஷ்டமா இருக்காண்ணா?" என்று கேட்டாள். "எனக்கென்ன கஷ்டம்? நீ வேற, நான் வேறயா?" என்றான். வாய் அப்படிச் சொன்னது. வயிறு எரிந்தது.

தலைமைக் குதிரைக்குச் சம்பந்தி என்று பெயர். சாம்பல் நிறப் பெண்குதிரை. எங்கே போனாலும் முதல் மரியாதை தனக்குத்தான் வேண்டும். முதல் தண்ணீர், முதல் தீனி. வேறு குதிரை ஒரு அடி முன்னால் வைத்துவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். யாராவது போய்க் கழுத்தைத் தடவி சமாதானம் செய்ய வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். ஆனால் மற்ற ஏழு குதிரைகளும் அதைவிட்டு நகராது. அது நின்றால் நிற்கும், நடந்தால் நடக்கும்.

அந்த மலையில் குதிரைக்காரர்களின் வேலைமுறையே இதை நம்பித்தான் இருந்தது. சாயங்காலம் முகாம் போட்டதும் எல்லாக் குதிரைகளையும் அவிழ்த்து மேய விட்டுவிடுவார்கள். சம்பந்திக்கு மட்டும் முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தோல்வாரால் தளை போட்டுக் கழுத்தில் மணி கட்டுவார்கள். தளையோடு அது தத்தித் தத்தி மேயும், தூரம் போகாது. மற்றவை அதைச் சுற்றியே நிற்கும். பிறகு யாரும் எழுந்துபோய்ப் பார்ப்பதில்லை. காதுதான் காவல். சோறு தின்றாலும் தூங்கினாலும் மணிச்சத்தம் காதில் விழுந்துகொண்டிருந்தால் குதிரைகள் பத்திரம் என்று அர்த்தம்.

சேணத்தை இறக்குவது, முதுகைத் தேய்ப்பது, உள்ளங்கையில் உப்பு வைத்து நக்கக் கொடுப்பது, மணி கட்டுவது, தளை போடுவது, கழுத்தில் ஒரு தட்டு. தலைமையில் இருக்கிறவர் தினமும் செய்கிற வேலை இது. அண்ணன்காரன் ஆயிரக்கணக்கான தடவை செய்திருக்கிறான். எந்த நாளில் எப்படிச் செய்தாய் என்று கேட்டால் ஒன்றைக்கூட அவனால் சொல்ல முடியாது. கை அது பாட்டுக்குச் செய்யும், மனது வேறு எங்கேயாவது இருக்கும். தங்கைக்கும் இப்போது அந்தப் பழக்கம் வந்துவிட்டதை அவன் கவனித்திருந்தான். கவனித்தவன் சும்மா இருந்திருக்கலாம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் உயரத்தில் ஒரு புல்வெளியில் முகாம் போட்டார்கள். வந்தவர்களில் ஒருவர் பல் டாக்டர். பத்து நிமிடத்துக்கு ஒரு ஜோக் அடித்துவிட்டு, யார் யார் சிரித்தார்கள் என்று எண்ணிப் பார்க்கிற ரகம். அவர் மனைவி எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தாள். தங்கை அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே அவர்கள் கேட்டதற்கெல்லாம் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள்.

"இவரு உங்க அசிஸ்டென்டா மேடம்?" என்று பல் டாக்டர் அண்ணன்காரனைக் காட்டிக் கேட்டார்.

"ஐயோ, என் அண்ணன் சார். எனக்கு எல்லாம் கத்துக்கொடுத்ததே இவருதான்" என்றாள் தங்கை.

"அப்போ குருவை மிஞ்சின சிஷ்யைன்னு சொல்லுங்க!" என்றார் டாக்டர். ஆறு பேரும் சிரித்தார்கள். தங்கையும், பாவம், மரியாதைக்குச் சிரித்து வைத்தாள்.

அண்ணன்காரன் வாளியை எடுத்துக்கொண்டு குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டப் போனான். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சம்பந்தி புல்லைக் கடித்துக்கொண்டே அவனை ஒரு பார்வை பார்த்தது. அவன் கையில் பிறந்த குட்டி அது. பிறந்த ஈரத்தைச் சாக்கால் துடைத்தவன் அவன். அந்தக் குதிரையின் மேல்தான் இரண்டு நாளாக இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

தங்கை கட்டியிருந்த மணியை அவிழ்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மணியின் நாக்கு ஆடாமல் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டான். தளையை முழுசாகக் கழற்றினால் யாரோ வேண்டுமென்றே செய்தது போலத் தெரியும். அதனால் வலது காலில் மட்டும் வாரின் கொக்கியை எடுத்துவிட்டான். இடது காலில் வார் அப்படியே தொங்கியது. பார்க்கிறவர்கள், அவசரத்தில் ஒழுங்காக மாட்டவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். தன் புத்தியை அவனே மெச்சிக்கொண்டான்.

சமையல் கூடாரத்துக்குப் பின்னால், புதர்களுக்கு அந்தப் பக்கம், கழுதை நீளக் கயிற்றில் கட்டியிருந்தது. அதற்குத் தீனி வைப்பது அவன் வேலை. வேறு யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். மணியை அதன் கழுத்தில் கட்டினான். கழுதை தலையை ஆட்டியது. மணி அழகாகச் சத்தம் போட்டது.

அவன் போட்ட கணக்கு பெரிய கணக்கில்லை. தளை இல்லாத சம்பந்தி வீட்டு நினைப்பில் கீழே இறங்கும். ஒரு மணி நேர நடையில் ஆட்டுப்பட்டி வேலி குறுக்கே வரும். அதன் கதவு சாத்தியிருக்கிறது. வரும்போது கடைசியாக வந்தவன் என்ற முறையில் அவனே சாத்திவிட்டு வந்தான். குதிரைகள் அங்கே நின்றுவிடும். காலையில், பேச்சுக் கவனத்தில் மணியைக் கழுதைக்குக் கட்டிவிட்டவளாகத் தங்கை கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். அவன் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப்போய், சேணமில்லாத சம்பந்தியின் மேல் உட்கார்ந்து, ஏழு குதிரைகளும் பின்னால் வர மேடேறி வருவான். பல் டாக்டரின் மனைவி படம் பிடிப்பாள். அந்தப் படம் அவன் மனதில் இப்போதே ஓடிக்கொண்டிருந்தது.

அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது புதர்ப் பக்கத்திலிருந்து மணிச்சத்தம் வந்துகொண்டே இருந்தது. தங்கை காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"சம்பந்தி இன்னிக்கு ரொம்பப் பக்கத்துலயே மேயுது. உங்களையெல்லாம் புடிச்சுப்போச்சு போல" என்று விருந்தாளிகளிடம் சொன்னாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோண்ணா. வெறும் வயித்துல படுக்காதே" என்று அவன் தட்டில் ஒரு கரண்டி வைத்தாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். விளையாட்டுக்குச் செய்தேன் என்று சொல்லி எழுந்து ஓடியிருந்தால் குதிரைகள் கூப்பிடு தூரத்தில்தான் இருந்திருக்கும். அவன் தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினான்.

விடிந்ததும் குதிரைகளைப் படம் பிடிக்கப் போன பல் டாக்டர் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார். முகமெல்லாம் பல்.

"மேடம், உங்க குதிரை ஒண்ணையும் காணோம்! ஆனா மணி பத்திரமா இருக்கு. கழுதைக்குக் கட்டி வச்சிருக்கீங்களே, அதுக்கு ஏதாவது விசேஷமா?"

சிரிப்பு கூடாரம் கூடாரமாகப் பரவியது. பாதி போர்வையோடு எழுந்து வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். தங்கை புதர்களைத் தாண்டி ஓடினாள். கழுதை அவளைப் பார்த்துத் தலையை ஆட்ட, மணி அடித்தது, மறுபடியும் சிரிப்பு. டாக்டரின் மனைவி போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். தங்கை குனிந்து மணியைத் தொட்டாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள்.

"அண்ணா, நேத்து நான்தானே கட்டினேன்?"

"நீதான் கட்டினே. வேற யாரு கட்டுவா?"

"சேணத்தை இறக்கினேன். உப்பு கொடுத்தேன். அப்புறம்..." அவள் கைகள் காற்றில் கட்டிப் பார்த்தன. "அப்புறம் அவங்க ஏதோ கேட்டாங்க. பதில் சொல்லிட்டே... எனக்கு ஞாபகமே வரலையேண்ணா. கழுதைக்கு எப்படிக் கட்டியிருப்பேன்? எனக்கென்ன பைத்தியமா?"

 அவள் தன்னைச் சந்தேகப்படுவாளோ என்று இரவு படுக்கையில் ஒரு பயம் இருந்தது அவனுக்கு. அந்தப் பயம் இப்போது போய்விட்டது. அண்ணனைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் செய்த தப்பு என்று ஏதாவது இருந்தால் அது ஒன்றுதான்.

இரண்டு பேரும் கீழே இறங்கினார்கள். ஆட்டுப்பட்டி வேலிவரை போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. கால் மணி நேரத்தில், பாதை கற்பாறைச் சரிவைக் கடக்கிற இடத்தில், ஏழு குதிரைகளும் ஒரே இடத்தில் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. நடுவில் சம்பந்தி கிடந்தது. இடது காலில் தொங்கிய வார் இரண்டு பாறைகளுக்கு நடுவில் போய்ச் சிக்கியிருந்தது. இழுத்திருக்கிறது, முடியவில்லை, மிரண்டு துள்ளியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. ராத்திரி முழுக்க அப்படியே கிடந்திருக்க வேண்டும். அதைச் சுற்றி எட்டின தூரம்வரை மண் பறிந்து கிடந்தது. இவர்களைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தது.

வாரை இழுத்துக்கொண்டு குதிரை கல்லில் நடந்தால் என்ன ஆகும் என்பது அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்வது. அண்ணன்காரன் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறான். நேற்றுச் சாயங்காலம் மட்டும் அவனுக்கு அந்த நினைப்பு வரவில்லை. வாரை ஏன் விட்டுவைத்தோம் என்று இப்போது நினைத்துக்கொண்டான்.

தங்கை மண்டியிட்டு வாரைத் தடவிப் பார்த்தாள். "ஒரு பக்கம் ஒழுங்கா மாட்டலை நான். தளையும் ஒழுங்கா போடலை, மணியும் கட்டலை" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள்.

இப்படிக் கால் முறிந்த குதிரை இனி எழாது, சுட்டு வலியை முடித்துவிடுவதுதான் அங்கே வழக்கம். துப்பாக்கியைத் தோளிலிருந்து கழற்றி அவன் பக்கம் நீட்டினாள்.

"அண்ணா, நீ செய்யேன். என்னால முடியாது."

அவன் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் சம்பந்தியின் முகத்தைப் பார்க்க வேண்டும். அது அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவனால் அது முடியாது. அதை அப்படியே சொல்லியிருந்தால்கூட மனிதன் என்று சொல்லலாம். அவனோ தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இது உன் கூட்டம். தலைமையில இருக்கிறவங்கதான் செய்யணும். இங்கே வழக்கம் என்னன்னு உனக்கே தெரியும்."

"தெரியும். இருந்தாலும்..."

"சத்தம் கேட்டு மத்தது மிரளும். நான் அதுங்களைப் புடிச்சுக்கறேன்" என்று சொல்லித் திரும்பிக்கொண்டான்.

தங்கை பாக்கெட்டில் இருந்த உப்பை உள்ளங்கையில் கொட்டி நீட்டினாள். அந்த வலியிலும் சம்பந்தி நக்கியது. ஒரு துளிகூட விடாமல் நக்கி முடிக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை. "என்னை மன்னிச்சுடும்மா. என் கைதான் உன்னைக் கொன்னுடுச்சு" என்று அவள் சொன்னது அவன் முதுகுக்குக் கேட்டது. பிறகு ஒரே வெடி. இரண்டாவதற்குத் தேவை வைக்கவில்லை. குதிரைகளின் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில்கூட, தன்னைவிடச் சுத்தமாகச் செய்துவிட்டாள் என்று ஒரு பொறாமை அவனுக்குள் எட்டிப் பார்த்தது. என்ன ஜென்மமோ.

திரும்புகிற வழியில் மிச்சமிருந்த ஏழு குதிரைகளில் ஆறு விருந்தாளிகளுக்கு. ஏழாவதில் ஏறிக்கொள் என்று அண்ணன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சம்பந்தியின் சேணத்தைக் கழுதையின் மேல் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு கடைசியில் நடந்து வந்தாள். அண்ணன்காரன் முன்னால் போனான். அவன் பக்கத்தில் வந்த பல் டாக்டர், "குதிரை பாவம்தான். ஆனாலும் மணியைக் கழுதைக்குக் கட்டினாங்க பாருங்க, அதை என் கிளினிக்ல சொன்னா பேஷன்ட் வலியை மறந்து சிரிப்பான்" என்றார். அண்ணன்காரன், "தூக்கக் கலக்கமா இருந்திருக்கும் சார்" என்றான். தங்கையைத் தாங்கிப் பேசுகிற அண்ணன் என்று டாக்டருக்கு அவன்மேல் நல்ல அபிப்பிராயம் வந்தது.

முதலாளியம்மாவின் ஆபீசில் இரண்டு நாற்காலிகள் இருந்தும் தங்கை உட்காரவில்லை. நடந்ததைத் தானே சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, இல்லாததையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். முதலாளியம்மா அண்ணன்காரனைப் பார்த்தாள்.

"நீ எங்கேப்பா போயிருந்தே? ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கலாம்ல?"

"நான் கடைசியில வந்தவன்மா. மணி கட்டுறது தலைமையோட வேலை. அதுல நான் போய்க் கை வச்சா, நம்பலைன்னு தங்கச்சிக்கு மனசு கஷ்டமாயிடுமேன்னு விட்டுட்டேன்."

"அண்ணன்மேல தப்பில்லைம்மா" என்றாள் தங்கை அவசரமாக. "எனக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம். அண்ணனே இருக்கட்டும். நான் பின்னால இருந்துக்கறேன்."

முதலாளியம்மா பெருமூச்சு விட்டுச் சாவிக்கொத்தை மேசையில் அவன் பக்கம் தள்ளினாள். துப்பாக்கிப் பெட்டியின் சாவி அதில்தான் இருந்தது.

வெளியே வந்ததும் தங்கை அவன் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ என்னைத் திட்டக்கூட இல்லையேண்ணா. வேற யாராவது இருந்தா காறித் துப்பியிருப்பாங்க." அவனுக்கு வாய்வரை வந்துவிட்டது. நிஜமாகவே வந்தது. நான்தான் என்று ஒரு சொல். ஆபீஸ் ஜன்னலில் முதலாளியம்மாவின் தலை தெரிந்தது. "விடு, நடந்தது நடந்துபோச்சு" என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனைக் கும்பிடாத குறையாகப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. அண்ணன் வீட்டின் பின்னறையில்தான் அவள் இருந்தாள். வேலைக்குக் கிளம்பித் தெருமுனைவரை போய்விட்டு, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவாள். அணைத்திருக்கும். மறுபடி கிளம்பிப்போய், கதவைப் பூட்டினோமா என்று வருவாள். பூட்டியிருக்கும், பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, இழுத்தபோது திறந்துகொண்டுவிட்டதோ என்று இன்னொரு தடவை இழுப்பாள். "உங்க தங்கச்சி தெருவை அளந்துகிட்டே இருக்கா. செருப்புதான் தேயுது" என்று அண்ணி கேலி செய்வாள். அண்ணன்காரனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவான்.

அடுத்த வருடம் மலைக்குப் போகிற முதல் நாள். லாயத்து முற்றத்தில் புதிய விருந்தாளிகள் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அண்ணன்காரன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்களுக்கு விதிமுறைகள் சொல்லிக்கொண்டிருந்தான். ஓரத்தில் தங்கை கழுதையின் மேல் சுமைகளை ஏற்றிக் கயிறு கட்டினாள். கட்டினாள், அவிழ்த்தாள், கட்டினாள். விருந்தாளிகளில் ஒரு பெண் அவளையே வேடிக்கை பார்த்தாள்.

"அண்ணா, இதைக் கொஞ்சம் பாரேன். கட்டின மாதிரிதான் இருக்கு. ஆனா என்னமோ தெரியலை."

அவன் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தான். கல் போல நின்றது. எடை இரண்டு பக்கமும் இம்மி பிசகவில்லை. அந்த மலையில் அப்படி ஒரு கட்டுக் கட்ட அவனையும் சேர்த்து ஆள் கிடையாது. அது அவனுக்குத் தெரியும். சரியாக இருக்கிறது, உன் கை ஒருநாளும் தப்பாகக் கட்டியதில்லை என்று சொல்லிவிட்டால் போதும், அவள் பிழைத்துக்கொள்வாள். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டுப் பேரும் பார்த்தார்கள்.

அண்ணன்காரன் உதட்டைப் பிதுக்கினான்.

"லூசா இருக்கு. அவுத்துட்டு மறுபடி கட்டு."

அவள் முகம் வெளுத்தது. உடனே குனிந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"நல்லவேளை, நீ பாத்தேண்ணா" என்றாள்.